தொண்ணூறு டிகிரி வரை

சிங்காநல்லூர்ப் பட்டறையில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். இளவேனிலுக்குப் பேச ஒருவர்கூட இல்லை. எல்லாரும் நல்லவர்கள்தான். சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்பார்கள், பதில் வருவதற்குள் மிஷின் பக்கம் திரும்பிவிடுவார்கள். அவள் வேலையைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவன் தீபக் ஒருவன்தான். அவன் ஜெர்மனி போய் எட்டு மாதமாகிறது.

வட்டத் தகட்டின் ஓரத்தில் பன்னிரண்டு துளை போடும் மிஷினுக்கு அவர்கள் இருவரும்தான் புரோகிராம் எழுதினார்கள். ஒவ்வொரு துளையின் இடத்தையும் கோணத்திலிருந்து கணக்கிட சைன் வேண்டும். மலிவான சிப், கூட்டவும் பெருக்கவும் தெரியும், சைன் என்றால் முழிக்கும். ஆகவே சைனைக் கூட்டல் பெருக்கலாகவே எழுதிக்காட்டும், முடிவில்லாமல் நீளும் டெய்லர் தொடரின் முதல் நான்கு உறுப்புகளை மட்டும் எடுத்து சைனுக்குப் பதிலாக வைத்தார்கள். சோதித்துப் பார்க்க முழுத் தகடு கேட்டபோது முதலாளி பாலுசாமி கழிவிலிருந்து கால்வட்டத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷர். அந்தக் கால்வட்டத்தில் நான்கு துளைகளும் மயிரிழை பிசகாமல் விழுந்தன.

முழு வட்டத்துக்கு ஆர்டர் வந்தது போன திங்கட்கிழமைதான். ஏழாவது துளை ஏழரை மில்லி தள்ளி விழுந்தது, எட்டாவது ஒரு அங்குலத்துக்கும் மேல். பாலுசாமி திட்டவில்லை, பார்த்துச் செய்யுங்க அம்மணி என்றார். திட்டியிருந்தாலாவது தேவலை.

மூன்று நாள் தனியே உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். அந்த நான்கு உறுப்புகள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சைனோடு ஒட்டியே நடக்கின்றன. கோணம் பெரிதாகப் பெரிதாக எங்கோ ஓடிவிடுகின்றன. எந்தக் கோணத்தையும் முதல் கால்வட்டத்துக்குள் மடக்கிக் கணக்கிட்டு, பிறகு கூட்டல் கழித்தல் குறியை மட்டும் சரிசெய்தால் தீர்ந்தது.

வியாழன் மதியம் பன்னிரண்டும் சரியாக விழுந்தன. நல்லதுங்க என்று சொல்லிவிட்டு பாலுசாமி அடுத்த தகட்டை மாட்டச் சொன்னார். அவளுக்கோ யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. தீபக்கை போனில் பிடித்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அது எனக்கு அப்பவே தெரியும் இளா. தொண்ணூறு டிகிரி தாண்டுனா போயிரும்னு. விசா வந்துருச்சு, அவசரத்துல உட்டுப்போட்டேன். எப்படியும் நீ கண்டுபுடிச்சுக்குவேன்னு நெனச்சேன்."

நன்றாயிருக்கிறாயா என்று கேட்டான். நன்றாயிருக்கிறேன் என்று வைத்துவிட்டாள். இருவரும் சேர்ந்து செய்த பிழை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்தப் பிழையில்கூட அவள் தனியாகத்தான் இருந்திருக்கிறாள்.

பாலுசாமி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, போன்ல நம்ம தீபக்குங்களா?"

"இல்லீங்க," என்றாள்.