நேற்றைய பெரணி

மே 11, சனி. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பெரணி பறிக்கும் நேரத்தைத் திட்டத்தில் எழுதினேன். அது ஊறும் இரவை எழுத மறந்தேன்.

குறிப்பேட்டில் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு ஹினாகோ 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அவள் மாலையில் போய்வரும் சுற்றுலா வழிகாட்டி வகுப்பில், அன்றைய பிழையை முதலில் எழுதினால் மனம் லேசாகும் என்றிருந்தார்கள். லேசாகவில்லை.

ஒசாகாவிலிருந்து வந்திருந்த குராபேயும் அவர் மனைவி சயோவும் விடுதியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் கடைசல் பட்டறையில் ஆளுக்கொரு மரக்கிண்ணம் வாங்கி, மதியம் மலைச்சரிவில் தாங்களே பறித்த பெரணித் தளிரை இரவு அதே கிண்ணத்தில் சாப்பிடுவதுதான் அவள் போட்ட திட்டம். வகுப்பில் பாராட்டுக்கூடக் கிடைத்தது. ஆனால் விறகுச் சாம்பல் தூவி, கொதிநீர் ஊற்றி, ஓர் இரவு ஊறாமல் பெரணியின் நஞ்சும் காறலும் போகாது. நாளைக் காலை முதல் பேருந்தில் அவர்கள் கிளம்புகிறார்கள். இந்த ஊரில் பிறந்தவளால்தான் இப்படித் தவறு செய்ய முடியும். அவள் வளர்ந்த வீட்டில் வசந்தம் முழுக்க ஒரு வாளி ஊறிக்கொண்டே இருக்கும். இன்று பறித்தது வாளிக்குள் போகும், நேற்றுப் பறித்தது தட்டுக்கு வரும். நடுவில் ஓர் இரவு கிடப்பது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

விடுதிக்காரி தொமியே ஒரே ஒரு தடவைக்குத்தான் சம்மதித்திருந்தாள். விருந்தாளிகள் முகம் சுளித்தால் இதோடு முடிந்தது.

"மூஞ்சியை ஏண்டி ஊறுகாய்ச் சாடி மேல வெக்கிற கல்லு மாதிரி வெச்சிருக்கே?" என்றபடி அடுக்களைக்குள் வந்த தொமியே, விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "அடிப்பாவி, எல்லாத்தையும் எழுதி வெச்சே, ராத்திரிய விட்டுட்டியா!" மூலையிலிருந்த வாளியைக் காலால் நகர்த்தினாள். "நாளைக்கு என் தங்கச்சி வரான்னு நேத்து ஊறப் போட்டது. எடுத்து வை. அவங்க பறிச்சதுன்னே சொல்லிடு. பெரணியில பேரா எழுதியிருக்கு?"

ஹினாகோ கழுவி நறுக்கினாள். துருவிய இஞ்சியோடு புதுக்கிண்ணங்களில் வைத்தபோது அது பச்சையாகப் பளபளத்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சரிவில் முதல் தளிர் டக்கென்று ஒடிந்தபோது சயோ திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நினைவில் உறுத்தியது.

குளித்துவிட்டு வந்தவர்கள் முன் கிண்ணங்களை வைத்துவிட்டு மண்டியிட்டாள். "மன்னிச்சுக்கோங்க. இது நீங்க பறிச்சது இல்ல." மீதியையும் சொன்னாள். காது சுட்டது.

குராபே கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப முதுகுவலி மட்டும்தான் எனக்கா?"

"சும்மா இருங்க," என்றாள் சயோ. "இது யாரு பறிச்சதும்மா?"

"நான்தான்!" அடுக்களையிலிருந்து தொமியேயின் குரல்.

"அப்ப எங்களுத யாரு சாப்பிடுவா?"

"என் தங்கச்சி. நாளைக்கு."

சயோ ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றாள். பிறகு இன்னொன்று. கிண்ணம் காலியானதும் எழுந்து உடுப்பின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள். "சாம்பல நானே போடறேன், எவ்வளவுன்னு சொல்லு. முன்னப்பின்ன தெரியாதவங்க வயித்தக் கெடுத்துட்டு ஊருக்குப் போகக் கூடாது."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் வயித்தப் பத்தி இப்படிக் கவலைப்பட்டதில்ல," என்றார் குராபே. தொமியேயின் சிரிப்பு அடுக்களையில் பாத்திரங்களோடு சேர்ந்து கலகலத்தது.

சயோ சாம்பலைத் தூவினாள்; ஹினாகோ கொதிநீரை ஊற்றினாள். ஆவி இருவர் முகத்திலும் ஏறியது. தொமியே எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவையும் என் தங்கச்சி ஒருத்தி திங்க மாட்டா. அடுத்த ஆளுங்களை எப்ப கூட்டிட்டு வரே?"

இன்னும் யாரும் கேட்டு வரவில்லை. ஹினாகோ வாளியின் மூடியை வைத்து அதன்மேல் கல்லை ஏற்றினாள். விளிம்பில் சாம்பல்நீர் மெல்லப் பச்சையேறிக்கொண்டிருந்தது.

நாளை: முதல் பேருந்துக்கு முன் சயோ அம்மாவை எழுப்ப வேண்டும். அவரோடு சேர்ந்து சாம்பல்நீரைக் கொட்டி, நல்ல தண்ணீர் மாற்ற வேண்டும்.