அனுபவம்: ஒரு சீட்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் கிழிந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கிழிசலுக்குள் விரலை விட்டு, உள்ளே என்ன பஞ்சு, என்ன நூல் என்று பார்த்தாக வேண்டும். பார்த்ததைச் சொல்லவாவது செய்வாரா என்றால் அதுவும் கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பு. ஒரு பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான்.

எங்களுடையது சீட் கவர் தைக்கும் கடை. மெயின் ரோட்டுக்குப் பின்னால், ஒன்றரை அறை, இரண்டு மெஷின். ஒரு மெஷினில் அவர், இன்னொன்றில் நான். டாக்ஸி, வேன், டாக்டர் வீட்டு சோபா என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ரெடிமேட் கவர் வந்ததும் டாக்ஸிக்காரர்கள் கையை மட்டும் ஆட்டிவிட்டு நிற்காமல் போக ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து, எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு சீட் ஃபாக்டரியில் இவரை சூப்பர்வைசராகக் கூப்பிட்டார்கள். இந்த மாதத்துக்குள் ஒன்றும் அமையாவிட்டால் கடையை மூடிவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்து, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவளைப் பள்ளி மாற்ற முடியாது. மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பாராம். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு அது சரியாகவே இல்லை. பதினாறு வருஷமாகப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஆள் மாதத்துக்கு ஒரு நாள் விருந்தாளியாக வருவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்போதுதான் என் கொழுந்தன் பேப்பரோடு வந்தான். செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். தெருவில் அவனுக்கு விளம்பரம் என்றே பெயர். டவுன் பஸ் சீட்டுகளைப் புதுப்பிக்கப் போக்குவரத்துத் துறை டெண்டர் விட்டிருந்தது. அறுபது பஸ். அதில் எட்டு பஸ்ஸைச் சின்னக் கடைகளுக்கென்று தனியாக ஒதுக்கியிருந்தார்கள். நமக்கு வேண்டியது அந்த எட்டுதான் என்றான். இரண்டே நாளில் எட்டுப் பக்கத்துக்குக் கலரில் ஒரு புத்தகமும் போட்டுக்கொண்டு வந்தான். உலகத் தரம், தலைமுறைகளின் நம்பிக்கை என்று பக்கத்துக்குப் பக்கம் எங்களைத் தூக்கி வைத்திருந்தான். அட்டையில் வரிசை வரிசையாக விமான சீட்டுகள். என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோட பிளேனு?" என்று கேட்டார். அந்த வாரம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

சின்னத் தொழில் செய்பவர்கள் அரசாங்க வேலை பிடிப்பது எப்படி என்று துறையே ஒரு அரைநாள் வகுப்பு நடத்தியது. இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். நானும் கொழுந்தனும் போனோம். வகுப்பு எடுத்தது என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருக்கும் ஒரு பெண். ஒவ்வொருவர் கொண்டுவந்த காகிதத்தையும் வாங்கிச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தாள். எங்கள் புத்தகத்தில் ஏழு பக்கம் போய்விட்டது. எட்டாவது பக்கத்தில் கடை விலாசம் இருந்ததால் அதை விட்டுவைத்தாள். கொழுந்தனின் முகம் தொங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தாலும், சொந்த வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று கோபமும் வந்தது. அப்புறம் என்னதான் எழுதுவது என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டேன்.

"நாங்க நல்லா செய்வோம்னு எல்லாரும்தான் எழுதுறாங்கக்கா," என்றாள். "நீங்க செஞ்ச ஒரு வேலைய எழுதுங்க. அது இப்ப எங்க இருக்கு, போய்ப் பாக்க முடியுமான்னு எழுதுங்க. வாங்குறவங்களுக்கு அதுதான் வேணும். ஒரு பக்கம் போதும்."

அந்த ஒரு பக்கம்தான் எழுத வரவில்லை. வீட்டுக்கு வந்து டெண்டர் பாரத்தை நிரப்ப உட்கார்ந்தோம். பெயர், விலாசம், பதிவு எண் எல்லாம் மளமளவென்று முடிந்தது. ஒன்பதாவது கேள்வி: அரசுத் துறைக்கு இதற்கு முன் செய்த வேலை. அங்கே பேனா நின்றது. டாக்டர் வீட்டு சோபாவை அரசாங்கத்தில் சேர்க்க முடியுமா? காலியாக விட்டுவிட்டு மேலே போனோம். பதினான்காவது: இத்துறையில் உங்கள் மீது புகார் ஏதேனும் பதிவாகியுள்ளதா. நான் இல்லை என்று எழுதப் போனேன். மெஷின் சத்தம் நின்றது.

"இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

அதை அவர் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் எங்களுக்கு மண்டை காய்ந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பின்வாசலுக்கு அடுத்த ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். மூலையில் ரெக்ஸின் பிளந்து பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. இவர் பையில் எப்போதும் வளைந்த ஊசியும் நைலான் நூலும் சின்னக் கத்தியும் இருக்கும். அரை மணி நேரப் பயணம். கை சும்மா இருக்குமா? பழைய தையலைக் கத்தியால் பிரித்து, துண்டு ரெக்ஸின் கொடுத்து மடித்துத் தைத்துவிட்டார். முடிகிற நேரத்தில் கண்டக்டர் திரும்பிப் பார்த்திருக்கிறார். கண்டக்டருக்குத் தெரிந்தது கத்தி மட்டும்தான். டிப்போவில் இறக்கி, பஸ் சீட்டைக் கத்தியால் அறுத்தார் என்று புகார் எழுதிக் கையெழுத்து வாங்கி, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பஸ் பக்கமே போகாமல் இரண்டு வருஷமாக நடந்து போய் வந்திருக்கிறார். நான் அதை உடம்புக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு தையல் பாக்கி இருந்துச்சு," என்றார். அவர் வருத்தமெல்லாம் அதில்தான்.

"இல்லைன்னு போட்டுருங்க அண்ணி," என்றான் கொழுந்தன். "ரெண்டு வருஷத்துப் பழைய நோட்ட யாரு போய்ப் புரட்டப் போறா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உண்மையை எழுதினால் பாரத்தைத் தூக்கி எறிவார்கள், இவர் ரயில் ஏறிவிடுவார். பொய் எழுதி மாட்டிக்கொண்டால் இனி எந்த டெண்டருக்கும் தலைகாட்ட முடியாது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸின் எண் அவருக்கு மறந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து நான் ஸ்டாப்பில் போய் நின்றேன். மூன்றாவது நாள் அந்தப் பஸ் வந்தது. உள்ளே ஒரு வரிசை விடாமல் கிழிசல். பின்வாசலுக்கு அடுத்த ஜன்னலோர சீட் மட்டும் முழுசாக இருந்தது. அதில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்று, இறங்கியதும் உட்கார்ந்தேன். மூலையைத் தடவிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தையல்தான். எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். இவ்வளவு நல்ல வேலையைச் செய்துவிட்டு, திருடன் மாதிரி நடந்து திரிந்திருக்கிறாரே என்று கோபம் கோபமாக வந்தது. சிவப்புப் பேனாக்காரி சொன்னதும் அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து பாரத்தை எடுத்தேன். பதினான்காவது கேள்விக்கு ஆம் என்று எழுதி, நாள், பஸ் எண், நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதினேன். அப்புறம் காலியாக விட்ட ஒன்பதாவதுக்கு வந்தேன். ஒரு சீட். விவரம் பதினான்காவது பதிலில். இரண்டு வருடமாகப் பயணிகள் உபயோகத்தில் இருக்கிறது, இன்றும் போய்ப் பார்க்கலாம். கொழுந்தன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்து டிப்போவுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. மூன்று பேரும் போனோம். அங்கே ஷெட்டில் அதே பஸ் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கொள்முதல் அதிகாரி அம்மா, டிப்போ ஃபோர்மேன், இன்னொருவர். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டதிலிருந்தே அந்தக் கண்டக்டர் என்று புரிந்துவிட்டது.

அதிகாரி முகத்தில் சிரிப்பென்று ஒன்று இல்லை. "பாரத்துல பொய் சொன்னா தள்ளிடலாம். உண்மைய எழுதினா என்ன செய்யணும்னு எங்க விதியில இல்ல. அதான் கூப்பிட்டேன்," என்றார்.

எல்லோரும் பஸ்ஸுக்குள் ஏறினோம். ஃபோர்மேன் குறடால் தையலைப் பிடித்து இழுத்தார். காலை முன் சீட்டில் ஊன்றிக்கொண்டும் இழுத்தார். நூல் அசையவில்லை. கண்டக்டர், கையில் கத்தி வைத்திருந்தார் மேடம் என்று மட்டும் சொன்னார். ஏன் இந்த மூலையில் மட்டும் இரட்டையாக மடித்திருக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். இவர் வாயைத் திறக்கமாட்டார், நாம்தான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று நான் தயாரானேன். கொழுந்தன் பையிலிருந்து விமானப் புத்தகத்தை எடுக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்திரிக்கும்போது எல்லாரும் இந்த மூலையத்தான் பிடிக்கிறாங்க," என்றார் என் வீட்டுக்காரர். "மொத்த உடம்போட பாரமும் அந்த ஒரு தையல்மேல விழுது. துணி கிழியறதில்ல, தையல்தான் பிரியுது. வேற துணி போட்டாலும் அங்கதான் போகும்."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. அடுத்த வரிசைக்குப் போனார், அதற்கடுத்த வரிசைக்குப் போனார். அதிகாரியும் ஃபோர்மேனும் பின்னாலேயே போனார்கள். ஒவ்வொரு சீட்டும் அதே மூலையில்தான் பிளந்திருந்தது. கால் மணி நேரம் பேசினார். எந்த நூல் வெயிலில் இற்றுப்போகும், எந்தப் பஞ்சு அமுங்கும், எங்கே காசைப் போட வேண்டாம் என்று எல்லாம் சொன்னார். கடைசியில் திரும்பி வந்து, தன் சீட்டின் பக்கவாட்டைத் தானே காட்டினார். இங்கே இரண்டு தையல் குறைகிறது, அதற்குள் இறக்கிவிட்டார்கள், இது சரியில்லை என்றார். இந்த மனுஷனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. யாரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை, நான் உட்பட.

கண்டக்டர் கனைத்துக்கொண்டார். "இந்த சீட்டுக்கு மட்டும் தினம் போட்டி மேடம். ஏன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

இதற்காக வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது, மற்றவர்களோடு சேர்த்துத்தான் மார்க் என்று அதிகாரி சொன்னார். புகாரும் புகார்தான், அது அழியாது என்றார். இனிமேல் அனுமதி இல்லாமல் எந்தப் பஸ்ஸிலும் ஊசி எடுக்கக் கூடாது என்று இவரைப் பார்த்துச் சொன்னபோது மட்டும் அவர் உதடு ஓரம் கொஞ்சம் இளகியது.

டிக்கெட் நாளுக்கு ஐந்து நாள் முன்னால் கடிதம் வந்தது. எட்டு பஸ் எங்களுக்கு. தையல் ஆறு மாதம் தாங்கினால் அடுத்த டெண்டரில் பெரிய பங்குக்கும் விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகளில் ஒன்று, எல்லா சீட்டுக்கும் மூலையில் இரட்டை மடிப்பு. கொழுந்தன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். எனக்கு உச்சி குளிர்ந்தது என்றாலும், ஒரு பயம் மட்டும் போகவில்லை. எட்டு பஸ் என்பது இரண்டு மாத வேலை. ரயில் டிக்கெட் இன்னும் அலமாரியில்தான் இருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, எனக்குக் கேட்கத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸை வேலைக்கு விட்டார்கள். ஃபோர்மேன் வேண்டுமென்றே அந்தப் பஸ்ஸைத்தான் அனுப்பியிருந்தார். வேலைப் பட்டியலில், பின்வாசலுக்கு அடுத்த ஜன்னலோர சீட் நீங்கலாக என்று போட்டிருந்தது. சாவியைக் கொண்டுவந்த கண்டக்டரும் கூடவே ஏறினார். இவர் முன் வரிசையில் ஆரம்பிப்பார் என்று ரெக்ஸின் சுருளை அங்கே இறக்கி வைத்தேன். அவர் நேராகப் பின்னால் போய், பட்டியலில் இல்லாத அந்தச் சீட்டின் முன்னால் மண்டியிட்டுப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். கண்டக்டர் பழக்கத்தில் ஒரு அடி முன்னால் வைத்தார். அப்புறம் நின்றார். திரும்பிப் போய், பஸ்ஸுக்குள் விளக்கைப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டே இரண்டு தையல். நிதானமாகப் போட்டு, முடிச்சை உள்ளே தள்ளி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

"அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு," என்றார், தலையைத் தூக்காமலே. "சுருள இந்தப் பக்கம் கொண்டா."