கோவிந்தராசு திருச்சிக்குப் போய் வந்த சைக்கிள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டு ஜன்னலில். மூலை வீடு. ஒரு ஜன்னல் அப்துல் ஹமீதின் சைக்கிள் கடையைப் பார்க்கும், இன்னொன்று பெரிய தெருவைப் பார்க்கும். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. காதுக்கு உண்டு.

ஊர், நன்னிலத்துக்குப் பக்கத்தில். பெயர் சொல்ல மாட்டேன். கதையில் வருகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அதில் ஒருத்தர் எனக்குச் சம்பந்தி. வருஷம் எழுபத்திரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரியாக இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பரந்து கிடந்த வயல்களின் நடுவே, காலைக் கதிரவன் தன் பொற்—’

அடித்துவிட்டேன். அந்தப் பச்சை யாருக்குச் சொந்தம் என்பதில்தான் தகராறே. அது தீரும்வரை கம்பளம் விரிக்க வேண்டாம்.

அடுத்து இப்படி: ‘கோவிந்தராசு சைக்கிளில் வந்து இறங்கினான்.’

இது பொய். ஏன் பொய் என்று நாலாம் பகுதியில் சொல்கிறேன். அதுவரை வரி அப்படியே இருக்கட்டும்.

2

ஹமீது பாய் கடையில் காற்றுக்குக் காசு வாங்கியதில்லை. கதைதான் வாங்குவார். வெளியூர் போய் வந்தவன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போன பயணத்தைச் சொல்ல வேண்டும். அவன் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தன் அவனுக்குப் பம்பு அடிக்க வேண்டும். கதை நீண்டால் டயர் கல்லாகிவிடும். சப்பென்று சொன்னவன் பாதிக் காற்றோடு வீட்டுக்குப் போவான்.

சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் ‘மெய்யா?’ என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவன் டீ வாங்கித் தர வேண்டும். அன்றைய நிலவரத்தில் சந்தேகப்படுகிற வசதி எங்கள் ஊரில் பெரிய பண்ணைக்கு மட்டும்தான் இருந்தது. பண்ணையார் சைக்கிள் கடைக்கு வருகிறவர் இல்லை.

ஆகையால் கதைகள் குறுவைக்கு உரம் போட்டது மாதிரி வளர்ந்தன. மாயவரத்துக்குக் கிளம்பிய ஒருத்தன், எதிர்க்காற்றில் சைக்கிள் பின்னாலேயே ஓடி, மிதித்துக்கொண்டே நன்னிலத்துக்குத் திரும்பி வந்ததாகச் சொன்னான். பம்பு அடித்தவன் பக்தியோடு தலையாட்டினான்.

நல்ல கதைக்குச் சாட்சி வேண்டும். சாட்சியைக் கடையிலேயே பிடித்துக்கொள்வது வழக்கம்.*

* இந்த வழக்கத்தை மறந்துவிடாதீர்கள். வம்பு இங்கேதான் முளைக்கிறது.

3

இராஜாங்கம் ஆளும் கட்சியின் கிளைச் செயலாளர். அந்தப் பதவியே ஒரு கதையால் வந்தது. திருச்சி மாநாட்டுக்கு ஹேண்டில் பாரில் கொடி கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே போனாராம். (பஸ்ஸில் போனார். ஜன்னலோர சீட்டு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்துச் சீட்டில் என் அத்தான்.)

மாநாட்டுக்கு மறுநாள் கடையில் அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கல்லணை தாண்டல இன்னும். எதிர்க்காத்து கொல்லுது. இறங்கிடலாமான்னு பார்க்கிறேன், எனக்கு முன்னாடி ஒரு சைக்கிள் பறக்குதுய்யா! யாருன்னு பார்த்தா, நம்ம கோவிந்தராசு!”

எல்லோரும் திரும்பினார்கள். கோவிந்தராசு அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றிருந்தான். முழங்கால்வரை சேறு. கேரியரில் ஒரு நாற்றுமுடி. பண்ணையிடம் குத்தகைக்கு எடுத்திருந்த ஆறு மா நிலத்தில் (இரண்டு ஏக்கர் வரும்) முந்தின நாள் பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை நடவு. விட்டுப்போன இடத்துக்கு நாற்று வைத்துவிட்டு இப்போதுதான் வருகிறான்.

அவன் இதுவரை வேளாங்கண்ணி, திருப்பனந்தாள் என்று பல ஊர்க் கதை சொன்னவன்தான். ஆனால் கிளைச் செயலாளர் தானாக அவனைத் திருச்சிவரை அனுப்பி வைப்பது இதுவே முதல் தடவை. மறுப்பது மரியாதையா?

“ஆமாண்ணே,” என்றான். “நீங்கதானா பின்னாடி வந்தது? கொடியைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கல. நேரமாயிடுச்சுன்னு மிதிச்சிட்டேன்.”

“கால்ல என்னய்யா சேறு?” என்றான் பம்பு அடித்தவன்.

“கல்லணைச் சேறு.”

“கேரியர்ல நாத்து?”

“திருச்சி நாத்து. ஒசத்தி ரகம்னு ஒருத்தர் குடுத்தாரு.”

“ஒரே நாள்ல போயிட்டு வந்துட்டியா?”

“பின்ன? ராத்திரி சோத்துக்கு வீட்டுல இருந்தேன்ல?”

அது ஒன்றுதான் அதில் உண்மை. யாரும் ‘மெய்யா?’ என்று கேட்கவில்லை. கோவிந்தராசுவின் டயர் அன்றைக்குக் கல்.

4

சொன்னபடி அந்தப் பொய்.

கோவிந்தராசு சைக்கிளில் வந்து யாரும் பார்த்ததில்லை. தள்ளிக்கொண்டுதான் வருவான். “பஞ்சர்ண்ணே” என்பான், “செயின் கழண்டுடுச்சு” என்பான், ஒரு நாள் “மாட்டைப் பார்த்து இரக்கப்பட்டு இறங்கிட்டேன்” என்றான். அவன் சைக்கிளின் கேரியர் வைக்கோலும் நாற்றும் உரமூட்டையும் சுமந்து வளைந்து கிடக்க, சீட்டு மட்டும் வாங்கிய அன்றைய பளபளப்போடு இருக்கும். எனக்கு முன்னாலேயே தெரியும். டீ வாங்கித் தர முடியாததால் சொல்லவில்லை.

கல்யாணத்தின்போது அவன் மனைவி மலர்கொடியின் அப்பா வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. அவன் தெருவிலிருந்து எங்கே போனாலும் பெரிய தெருவைத் தாண்ட வேண்டும். அவன் தெரு ஆட்கள் பெரிய தெருவில் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது என்பது அப்போது ஊர்க் கட்டு. முதல் நாள், ஒரு காலைப் பெடலில் வைத்து மறு காலால் தெத்தித் தெத்திப் பழகிக்கொண்டே வந்தவனைப் பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் பார்த்தார். ஒரே சொல்.

“இறங்குடா.”

இறங்குவதற்கு அவன் ஏறியே இருக்கவில்லை. அதைச் சொல்லவும் முடியவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. செங்கொடிச் சங்கம் வந்தது. பையன்கள் பெரிய தெருவில் மணியடித்துக்கொண்டு பறந்தார்கள். அதற்குள் கோவிந்தராசுவுக்கு மீசை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இனிமேல் பழகினால் விழ வேண்டும். விழுந்தால் பஞ்சநதம் பார்ப்பார். அதனால் வாயிலேயே ஓட்டினான். ஹமீது கடையில் அவனை இறங்கச் சொல்ல ஆளில்லை.

(இந்தப் பகுதியில் என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஊர் வம்பு பேச உட்கார்ந்தவருக்கு இது ஆகாது. இருமிவிட்டு வருகிறேன்.)

5

குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தது. உடம்பு உழைத்துச் சாகுபடி செய்கிறவன் பெயர் பதிவாகும். பதிவாகிவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. கோவிந்தராசு மனுக் கொடுத்தான். பண்ணை ஆட்சேபித்தது: நிலத்தில் உழைப்பது கூலியாட்கள், இவன் நடவன்றைக்குக்கூடத் திருச்சியில் இருந்தான், கடைத்தெருவில் அவனே சொல்லியிருக்கிறான்.

பெரிய தெருப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. பதிவு அதிகாரி வெயிலில் வந்து, பசியோடு உட்கார்ந்தார். எனக்கு இரண்டாவது ஜன்னல் இருந்தது.

பஞ்சநதம் எழுந்தார். “ஐயா, கோவிந்தராசு அவர்கள் இந்தத் தாலுக்காவிலேயே பெரிய சைக்கிள் வீரருங்க. காத்து மாதிரி போவாரு.”

கோவிந்தராசு, யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தான். அவர் வாயில் ‘டேய்’ இல்லாமல் தன் பெயரை அவன் கேட்டதே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சங்கத்து உத்திராபதி பாய்ந்தார். “பொய்யிங்க ஐயா! எங்க தோழர் கோவிந்தராசு மாதிரி ஒரு புளுகனை இந்த ஜில்லாவிலேயே பார்க்க முடியாது. அவர் சொன்னதுல ஒரு வார்த்தை நிஜம் கிடையாது!”

“அவதூறு!” என்றார் பஞ்சநதம். “உழைப்பாளியைக் கேவலப்படுத்துறாங்க!”

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “யாரு யாருக்கு ஆளு?”

இராஜாங்கத்தைக் கூப்பிட்டார்கள். சட்டம் அவர் கட்சி கொண்டுவந்தது. அதைப் புகழ்ந்து சுவரெல்லாம் அவர்தான் எழுதினார். கோவிந்தராசு கல்லணையில் இல்லை என்றால் இராஜாங்கமும் கல்லணையில் இல்லை. பிறகு கிளை ஏது, செயலாளர் ஏது?

“அண்ணே,” என்றான் கோவிந்தராசு மெதுவாக. “வயலைப் பத்தின விஷயம்ண்ணே.”

இராஜாங்கம், சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தில் திருச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பார்த்தேங்க. கல்லணையில. பறந்தாரு.”

அடுத்து ஹமீது பாய்.

“நீங்க சொல்லுங்க பாய். திருச்சிக்குப் போனதா இவர் உங்க கடையில சொன்னாரா?”

“சொன்னாருங்க.”

“மெய்யா?”

பாய் பதறிவிட்டார். “ஐயா, அப்படிக் கேட்டுட்டீங்களே! இப்ப நீங்க எல்லாருக்கும் டீ சொல்லணும்.”

சிரிப்பு அடங்குவதற்குள் மலர்கொடி எழுந்துவிட்டாள். அவளும் அன்று வரப்பிலிருந்து வரப்புவரை நட்டவள்.

“ஐயா, இவருக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க. எங்கப்பா வாங்கிக் குடுத்த நாள்லேர்ந்து தள்ளிக்கிட்டுத்தான் திரியுறாரு. திருச்சிக்கு எங்கேருந்து போவாரு? என்னோடதான் நட்டுக்கிட்டு நின்னாரு.”

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். நிலத்தைக் காப்பாற்றுகிற பேச்சு என்று கோவிந்தராசுவுக்குத் தெரிந்தது. ஆனாலும் பெரிய தெரு நடுவில் யாரோ வேட்டியை உருவினது போலிருந்தது.

“ஏங்க,” என்றாள் அவனைப் பார்த்து, “வாயைத் தொறந்து சொல்லுங்களேன். ஆமான்னு சொல்லுங்க.”

அவன் வாய் திறக்கவில்லை. வேளாங்கண்ணிவரை போய் வந்த வாய்.

அதிகாரி எழுந்தார். “பேச்சு போதும். சைக்கிளைக் கொண்டாங்க. ஓட்டிக் காட்டட்டும். ஓட்டினா திருச்சிக்குப் போனாருன்னு வெச்சுக்கறேன். ஓட்டத் தெரியலன்னா நிலத்துல இருந்தாரு. முடிச்சிட்டுச் சாப்பிடப் போறேன்.”

6

இப்போது முடிவு எழுத வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. விழுகிறான். பெயர் பதிவாகிறது. ‘கோவிந்தராசு புழுதியில் கிடக்க, பஞ்சநதம் வாய்விட்டுச் சிரி—’ இதற்கு மேல் பேனா நகரவில்லை. நிலம் கிடைத்தவன் வீட்டில் அன்று உலை வைத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

இரண்டு. ஓட்டுகிறான். பெரிய தெரு முழுவதும், நெஞ்சை நிமிர்த்தி, யாரும் இறங்கச் சொல்லாமல். ஆறு மா நிலம் பின்னாலேயே போய்விடுகிறது. இதை எழுதும்போது எனக்கே கை தட்டத் தோன்றியது. பிறகு மலர்கொடியின் முகம் ஞாபகம் வந்தது.

மூன்று. ஒளிந்து பழகியிருக்கிறான், ஓட்டத் தெரியும், வேண்டுமென்றே விழுகிறான். சாமர்த்தியமான முடிவு. எழுதுகிறவருக்குப் பெயர் வாங்கித் தரும். குத்தகைக்காரனுக்கு முழங்கால்தான் சிராய்க்கும்.

மூன்றையும் அடித்துவிட்டேன். ஜன்னலில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

7

தெருவின் இரண்டு பக்கமும் கூட்டம். அவன் நல்லா இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் எல்லாம் அவன் விழ வேண்டும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டு நின்றார்கள். அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று நினைத்தவர்கள் விழாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டார்கள். சாமிக்கு அன்றைக்குக் குழப்பம்.

“ஏறுங்க!” என்று பஞ்சநதம் கத்தினார். “தைரியமா ஏறுங்க கோவிந்தராசு! நான் இருக்கேன்!”

அதே தெரு. அதே வாய். கோவிந்தராசு ஒரு தரம் அவரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

மலர்கொடி பின்னால் வந்து கேரியரைப் பிடித்துக்கொண்டாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டி, அந்தப் பளபளத்த சீட்டில் முதல் தடவையாக உட்கார்ந்தான். திரும்பி அவளிடம் ஏதோ சொன்னான். அவள் தலையாட்டினாள். எங்கள் தெருவில் இத்தனை வருஷத்தில் என் காதில் விழாமல் போன ஒரே பேச்சு அதுதான்.

“கையை எடும்மா,” என்றார் அதிகாரி.

எடுத்தாள். பெடல் சுற்றியது.

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும், கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நான் சொல்லப் போவதில்லை. வாழ்க்கையில் ஒரு சேதியையாவது வெளியே விடாமல் வைத்திருந்தேன் என்று இருக்கட்டும். அதோடு, கீழே கிடந்தாலும் சரி, தெருக்கோடியில் திரும்பிப் பார்த்திருந்தாலும் சரி, அதற்கப்புறம் கோவிந்தராசு ஹமீது கடையில் கதை சொன்னதே இல்லை. அவன் இடம் காலியாகவே கிடக்கிறது.

வாருங்கள், அதில் உட்காருங்கள். பம்பை நான் அடிக்கிறேன். அவள் கையை எடுத்த இடத்திலிருந்து அவன் போன பயணத்தை நீங்கள் சொல்லுங்கள். எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நான் ‘மெய்யா?’ என்று கேட்க மாட்டேன்.