பச்சை லைட் எரியும்வரை

2008இல் புளத்கொகுபிட்டியவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அந்தப் பெட்டி வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் மாட்டுவது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் டிஸ்பென்சரியில் மணி அடிக்கும், நோயாளியை ஏற்றிப்போக லொறி வரும். மாட்டுவதற்கு முன் அதன் பிழைகளை இரண்டு வழியில் தேடினார்கள். இரண்டு எஞ்சினியர்மார் பட்டியலும் கையுமாகப் பெட்டியை ஆராய்வது ஒன்று. லயத்துச் சனத்திடமே கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பக்கத்திலிருந்து எழுதுவது மற்றது. எந்த வழியில் அதிகப் பிழை பிடிபடுகிறது என்று ஒப்பிடுவது கேகாலையிலிருந்து வந்த முக்தார் சேரின் வேலை. எழுதுவது என் வேலை.

"கோகிலா, நீங்க ஒண்டும் சொல்லிக் குடுக்க வாணாம். சும்மா பாத்து எழுதுங்க" என்றார்.

கேட்டேனா நான்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பச்சை லைட் எரியும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கக் கூடாது, எடுத்தால் மணி அடிக்காது என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். இது தெரியாமல் எங்கள் பொம்பளைகள் துரைமார் முன்னால் முழித்துக்கொண்டு நிற்பார்களே என்று எனக்கு ரோசம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வைத்து எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

"அக்கா, அமுக்கிப் புடிச்சிக்கிட்டு அஞ்சு வரைக்கும் எண்ணுங்க. லயத்து மானத்த வாங்கிடாதீங்க."

"போடி, எங்களுக்கு எண்ணத் தெரியாதாக்கும்" என்று புஷ்பமக்கா சிரித்தார்.

மறுநாள் பன்னிரண்டு பேர் அமுக்கினார்கள். பன்னிரண்டு தடவையும் மணி அடித்தது. என் தாளில் பூச்சியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எஞ்சினியர்மார் பதினான்கு பிழை பிடித்திருந்தார்கள்: எழுத்து சின்னது, மூடி இறுக்கம், இப்படி. அமுக்கிப் பிடிப்பது அதில் இல்லை. அவர்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

"சனத்த வெச்சிப் பாக்குறதுல பிரயோசனம் இல்ல போல" என்று முக்தார் சேர் என் தாளை மடித்து வைத்தார். பதினான்கையும் திருத்தி, தோட்டத்தின் மற்ற டிவிசன்களில் யாரிடமும் கொடுத்துப் பார்க்காமலே பெட்டியை மாட்டிவிட்டார்கள். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. எங்கள் லயம் ஜெயித்த மாதிரி எனக்குப் பெருமை.

மூன்றாம் மாதம், பட்டப்பகலில், கீழ் டிவிசன் மல்லிகாவுக்குப் பிரசவ வலி. லொறி வரவில்லை. தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்குவதற்குள் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

சாவு வீட்டில் அவள் புருஷன் அழகமுத்து என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"நீங்கதானே தங்கச்சி அந்தப் பெட்டிய பாத்து எழுதினது? நூறு தடவ அமுக்கினேன்மா. நான் என்ன தப்பு பண்ணேன்?"

சுவரருகே கூட்டிப்போய் அமுக்கியும் காட்டினார். படபடவென்று, கதவைத் தட்டுவது போல. என்னால் தாங்க முடியவில்லை. அவர் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்திப் பிடித்தேன். மனதுக்குள் எண்ணினேன். ஐந்தில் பச்சை எரிந்தது.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலண்ணே. நான்தான் பண்ணேன்" என்றேன்.

கால் மணி நேரத்தில் லொறி வந்து வாசலில் நின்றது.