கட்டாத வீட்டின் நிழல்

அந்தமானில், டாலிகஞ்சில் வீடு கட்ட பாலகுமாருக்கு அனுமதி கையெழுத்தான அன்று மத்தியானம், அவருடைய காலி மனையில் அந்த வீட்டின் நிழல் விழுந்தது. இரண்டு அறை, சமையலறை, கிழக்கே ஒரு வராண்டா என்று வரைபடத்தில் இருந்தபடியே தரையில் கிடந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச காலமாகவே போர்ட் பிளேரில் அனுமதி வாங்கிய மனைகளிலெல்லாம் இப்படித்தான் நடந்தது. தீவின் கடற்கரையில் மணல் அள்ளக் கூடாது. மெயின்லேண்டிலிருந்து பார்ஜ் என்கிற சரக்குத் தோணியில் மணல் வந்தால்தான் சுவர் எழும்பும். பார்ஜோ தனக்குத் தோன்றும்போதுதான் வரும். வீடு தாமதமானாலும் நிழலாவது நேரத்துக்கு வந்துவிடுகிறதே என்று ஜனங்கள் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். சுவர் எழும்பினால் அந்த நிழல் போய்ச் சாதாரண நிழல் வரும். மூன்று வருடத்துக்குள் கட்டாவிட்டால் அனுமதி காலாவதியாகி, நிழலும் அன்றே மறையும்.

பாலகுமாரின் மனைவி நளினி, அந்த அனுமதிகளை எண்ணுகிற ஆபீஸில்தான் வேலை பார்த்தாள். மாதாமாதம் தனிவீடுகளுக்கு எத்தனை அனுமதி என்று மெயின்லேண்டுக்கு ஓர் எண்ணை அனுப்ப வேண்டும். எண் ஏறினால் தீவு செழிக்கிறது, இறங்கினால் தேய்கிறது என்று அங்கே உட்கார்ந்து முடிவு கட்டுவார்கள். வீடு எழும்பியதா என்று கேட்பதில்லை. ஒரே ஒருமுறை கேட்க வந்த அதிகாரி, நிழல்களை டேப் பிடித்து அளந்து, வரைபடத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஹேவ்லாக் தீவைச் சுற்றிப் பார்க்கப் போனார்.

எட்டாம் மாதம், ஹேடோ துறைமுகத்தில் மணல் பார்ஜுக்காகக் காத்து நின்ற பாலகுமார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்; எழுந்திருக்கவில்லை. நளினிக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மனைப் பக்கம் போனபோது, தரையில் கிடந்த வராண்டாவில் ஓர் ஆளின் நிழல் உட்கார்ந்திருந்தது. பாலகுமாருக்குப் போலவே இடது தோள் சற்று இறங்கியிருந்தது, கையில் டம்ளர். நளினி பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு தினமும் ஆபீஸ் விட்டதும் அங்கே ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் வாடகை வீட்டுக்குப் போனாள். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

பக்கத்து மனை ஆக்சிலியாவுக்குத்தான் இதில் தொந்தரவு. அவள் புருஷன் மத்தியாஸ் படகில் கொண்டுவரும் நெத்திலியை முற்றத்தில் காயப்போடுவாள். வராண்டா நிழல் நாலு அடி அவள் பக்கம் சாய்ந்து கிடந்ததால் மீன் காயாமல் நாறியது. "அக்கா, அண்ணன கொஞ்சம் உள்ள போய் உக்காரச் சொல்லுங்களேன். வெயிலே விழமாட்டேங்குது," என்றாள். நளினி சொன்னாள். அந்த ஆள் எழுந்து உள்ளே போனார். வராண்டா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆக்சிலியா மீனை மொட்டைமாடிக்கு மாற்றிக்கொண்டாள்.

மூன்று வருடம் முடிய எட்டு நாள் இருக்கும்போது நளினியின் ஆபீஸ் தலைமைக் கிளார்க் சிவஞானம் பாலகுமாரின் ஃபைலை எடுத்தார். "ரினியூவலுக்கு அப்ளிகண்ட் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா, ரூல் அப்படி. பேசாம உங்க பேர்ல புதுசாப் போட்டுருங்க. இந்த மாசம் முப்பத்தொம்பதுதான் வந்திருக்கு. போன வருசம் இதே மாசம் நாப்பது. ரினியூவல் கணக்குல சேராது. புதுசுன்னா நாப்பதாயிரும், மேலேருந்து கேள்வி வராது."

புது அனுமதிக்குப் புது நிழல் விழும். அதில் அவர் இருப்பாரா என்று நளினி கேட்டாள்.

"மாலூம் நஹிம்மா, எனக்குத் தெரியாது," என்றார் சிவஞானம். "ஆளுங்கள வரைபடத்துல காட்டுறதில்ல."

ஏழாம் நாள் சாயங்காலம் வராண்டாவில் உட்கார்ந்து நளினி சொன்னாள்: "ஏங்க, நாளைக்குக் கடைசி நாள். ஆபீஸுக்குப் பத்தரைக்கு வந்தாப் போதும், அதுக்கு முன்னாடி சிவஞானம் சார் டீ குடிக்கப் போயிருப்பார்."

மறுநாள் பத்தரைக்குச் சிவஞானத்தின் மேஜை மேல், இடது தோள் இறங்கிய ஒரு நிழல் விழுந்தது. வெளியே மழை; வெயில் என்ற பேச்சே இல்லை. சிவஞானம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஃபைலைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். நிழலின் கை தாளின் மேல் நகர்ந்தது. அது விலகியபின் அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'நேரில் வந்தார்' என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்த மேஜையில் இருந்த நளினிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. மாதக் கணக்குத் தாளை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் முப்பத்தொன்பது என்றுதான் அனுப்பினாள். தீவுகளில் வளர்ச்சி சற்றே மந்தம் என்று மெயின்லேண்டில் அறிக்கை வந்தது. அடுத்த வாரம் ஹேடோவுக்கு மணல் பார்ஜ் வந்து சேர்ந்தது.

"மணல் வந்துருச்சாமே அக்கா," என்றாள் ஆக்சிலியா, மாடியில் மீனைப் புரட்டியபடி. "கட்ட ஆரம்பிக்கலியா?"

நளினி பையைத் தரையில் வைத்தாள். "இன்னும் மூணு வருசம் இருக்கு."

வராண்டாவில் இருந்தவர் சற்று நகர்ந்து இடம் விட்டார். நளினி உட்கார்ந்தாள்.