பத்து எண்ணிய பிறகு

அவன் பத்து வரை எண்ணிவிட்டு அடித்தான்.

கடையிலிருந்து வர ஏன் இவ்வளவு நேரம் என்று மனைவியிடம் கேட்டான். கடைசியாக வந்தவருக்கு இரண்டு கண்ணாடி வெட்ட வேண்டியிருந்தது என்றாள். அவன் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தொடைமேல் மலர்த்தி வைத்து, கண்களை மூடிக்கொண்டான். உதடுகள் மட்டும் லேசாக அசைந்தன. எட்டு வயது மகள் வாயில் விரலை வைத்து, "பேசாதம்மா, அப்பா தியானம் பண்றாரு" என்று கிசுகிசுத்தாள். தப்பித்தோம் என்றுதான் தாயும் நினைத்தாள். பையை இறக்கி வைக்கக் குனிந்தாள்.

அவன் கண்ணைத் திறந்தான். மகளைத் தோளைப் பிடித்து உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து, அவள் தலைமுடியை ஒரு கையால் ஒதுக்கி, மறு கையை விரித்து இடது காதோடு சேர்த்து அறைந்தான். ஒரே அறை. அவள் சுவரில் மோதிச் சரிந்தாள். தலைக்குள் ஏதோ ஒன்று கிழிந்தது போலிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் உலகமே இல்லை. அவன் முடியை மீண்டும் இழுத்துக் காதை மூடிவிட்டான். கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

முன்பு இப்படி இல்லை. முன்பு அவனுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். முதலில் குரல் ஏறும், பிறகு ஏதாவது ஒரு பாத்திரம் பறக்கும், அதற்குப் பிறகுதான் கை. அந்த இடைவெளிக்குள் அவள் குளியலறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். சில நாள் முந்திவிடுவாள், சில நாள் அவன் முந்துவான். ஒருமுறை குக்கர் மூடி பட்டுப் புருவம் பிளந்தது, மூன்று தையல். மறுநாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். இப்போது கத்தலும் இல்லை, அழுகையும் இல்லை. படுத்தால் குழந்தைபோல் தூங்குகிறான்.

கிடங்கில் அவனுக்கு வத்திப்பெட்டி என்று பெயர். சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கிய ஒரு சுமைக்காரரை இரும்புக் குழாயால் அடித்துத் தோள்பட்டை எலும்பை உடைத்துவிட்டான். வேலையை விட்டு அனுப்ப இருந்தார்கள். மேற்பார்வையாளர்தான், நாற்பது நாள் யோகா வகுப்புக்குப் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காப்பாற்றினார். போனான். முப்பது நாளில் ரத்த அழுத்தம் இறங்கியது. யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை. அடிபட்டவரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டானாம்.

"மாப்ள சொக்கத் தங்கமா மாறிட்டாரு. நீதான் இன்னும் பழசையே பேசிட்டு இருக்க" என்றான் அவள் அண்ணன்.

"பழசு இல்லண்ணே, நேத்து."

"நேத்து என் கூடதானே ஒரு மணி நேரம் பேசிட்டிருந்தாரு? குரல்ல ஒரு பிசிறு இல்ல."

அவள் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில். கண்ணாடியைச் சட்டத்துக்கு ஏற்றபடி சாணைச் சக்கரத்தில் தேய்த்துக் கொடுப்பாள். பதினோரு வருஷப் பழக்கம், அளவு வந்துவிட்டதைக் கண்ணைவிடக் காதுதான் முதலில் சொல்லும். சக்கரத்தின் சத்தம் ஒரு சுதி இறங்கும், அங்கே நிறுத்த வேண்டும். அந்த அறை விழுந்த மறுநாள் அவளுக்கு அந்தச் சுதி கிடைக்கவில்லை. ஒரே காலையில் நான்கு கண்ணாடிகள் ஓரம் தெறித்துப் போயின. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, செவிப்பறை கிழிந்திருக்கிறது, எப்படி என்றார். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

முப்பத்தெட்டாம் நாள் யோகா டீச்சர் போன் செய்தார். அறுபதை நெருங்கிய, கண்டிப்பான, நல்ல மனுஷி. நாற்பதாம் நாள் நிறைவுக்கு வீட்டுக்காரர்களும் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம்.

"மாற்றத்த கிட்ட இருந்து பாக்குறது நீங்கதானேம்மா. மறக்காம வந்துடுங்க."

அன்று மாலை அவன் சொல்லிக்கொடுத்தான். "எனக்கு இப்ப கோவமே வர்றதில்லைனு சொல்லு, போதும். பொய் சொல்லச் சொல்லல. உண்மைதானே?"

"உண்மைதான்" என்றாள் அவள்.

நிறைவுக்கு முந்தின நாளே மகளை மூன்று நாள் உடுப்போடும் பள்ளிப் பையோடும் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

நாற்பதாம் நாள் காலை ஆறரைக்கு யோகா வகுப்பின் மாடிக்கூடத்தில் இருபது பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலோரம் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. மேற்பார்வையாளர் சுவரோரம் கைகட்டி நின்றார். அவன் முதல் வரிசையில், வெள்ளைச் சட்டையில், எல்லாருக்கும் எடுத்துக்காட்டாக உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவளைக் கூப்பிட்டார்.

"இவருக்கு இப்ப கோவமே வர்றதில்லைங்க" என்றாள். கைதட்டினார்கள். அவன் புன்னகைத்தான். அவள் கைதட்டல் ஓயும்வரை நின்றாள்.

"முன்னெல்லாம் கத்துவாரு. சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவச் சாத்திக்குவேன். இப்ப கத்துறதில்ல. கண்ண மூடி உக்காந்து பத்து எண்ணுறாரு. எங்க அடிச்சா வெளிய தெரியாதுனு யோசிக்க அந்தப் பத்து அவருக்குப் போதுமா இருக்கு. அப்புறம் எழுந்து வந்து அடிக்கிறாரு." முடியை ஒதுக்கிக் காட்டினாள். "இந்தக் காது கேக்கல."

அவன் கண்களை மூடினான். உதடுகள் அசைவதை இருபது பேரும் பார்த்தார்கள். பிறகு எழுந்தான், பாயைச் சுருட்டி அக்குளில் வைத்தான், அவளிடம் வந்து புஜத்தைப் பிடித்தான். கட்டைவிரல் எலும்புக்கும் சதைக்கும் நடுவே இறங்கியது.

"வா, வீட்டுக்குப் போலாம்."

"கைய எடுங்க" என்றார் டீச்சர்.

"இது எங்க குடும்ப விஷயம் டீச்சர்." குரல் பட்டுபோல் இருந்தது.

டீச்சர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் தள்ளினான். அவர் ஜன்னல் கம்பியில் போய் மோதினார். நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கின்மேல் வழிந்து இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். தன் புஜத்திலிருந்த கையைப் பார்த்தாள். குனிந்து அந்தக் கட்டைவிரலைக் கடித்தாள். தோல் விட்டது, சதை விட்டது, எலும்பு தட்டியது. அதற்குப் பிறகும் விடவில்லை. அவன் கத்தினான். கெட்ட வார்த்தையும் ஊளையுமாக, தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு அவள் தலையிலும் முதுகிலும் குத்தினான்.

பின்வரிசையிலிருந்த பஸ் கண்டக்டர் அம்மா அவன் காலை வாரிவிட்டார். விழுந்தவன்மேல் நான்கு பேர் ஏறினார்கள். மேற்பார்வையாளர்கூட ஓடிவந்து ஓர் உதை விட்டார். நாற்பது நாளாக மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்தார்கள், செருப்பு, தண்ணீர் பாட்டில், மடக்கு நாற்காலி. கண்டக்டர் அம்மா அவன் முதுகில் உட்கார்ந்து முகத்தைத் தரையோடு தேய்த்தார். "போதும், விடுங்க! செத்துடுவான்!" என்று டீச்சர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

அவள் சுவரோரம் நின்று பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

டீச்சர் அவள் கையைப் பிடித்து மாடிப்படி வழியாக இறக்கிக் கூட்டிவந்தார். வாசலில் கிடந்த செருப்புகளில் யாருடையதோ இரண்டு ஜோடியை மாட்டியிருந்தார்கள். காவல் நிலையம் மூன்று தெரு தள்ளி. டீச்சர் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டே நடந்தார்.

"எண்ணுறதுக்கு நான்தாம்மா சொல்லிக்குடுத்தேன்" என்றார்.

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

"அங்க போய் நான் பேசட்டுமா?"

"நானே பேசுறேன்."

தெருமுனையில் குழாய் இருந்தது. வாய் முழுக்க இரும்புச் சுவை. அவள் நின்றாள். டீச்சர் ஒரு கையால் குழாயை அழுத்திப் பிடிக்க, அவள் இரண்டு கையாலும் தண்ணீர் ஏந்திக் கொப்பளித்துத் துப்பினாள். கல்மேல் சிவப்பாக விழுந்தது. அடுத்த முறை வெளிறி வந்தது. அதற்கடுத்த முறை வெறும் தண்ணீராக வந்தது. பள்ளிக்குப் போகிற இரண்டு பெண்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அவள் நிமிரவில்லை. மீண்டும் ஏந்தினாள், கொப்பளித்தாள், துப்பினாள், மீண்டும் கையை நீட்டினாள்.