எறிகிற கை

எங்கள் பகுதியில் பேஸ்பால் எறிகிற கை ஓர் அணியில் ஆறு வருடம் இருந்துவிட்டால் அதற்கு விடுதலை. பிறகு எந்த ஊர் அணியும் அதைக் கேட்கலாம். கை யாருடைய தோளில் இருக்கிறதோ அவரும் கூடப் போவார். ஒப்பந்தம் கைக்கு மட்டும்தான்.

என் மகன் திருமூர்த்தியின் வலது கை ஓர் ஆடி மாதம் விடுதலையானது. அதுவரை எங்கள் மில் அணிக்காக எறிந்த கை. அந்த வாரமே மூன்று அணிக்காரர்கள் வீட்டுக்கு வந்து கைக்கு வணக்கம் சொன்னார்கள். இருந்த ஒரே பிரம்பு நாற்காலியில் கையை வைத்ததால் திருமூர்த்தி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஏஜென்ட் சகாயராஜ் முழங்கைக்கு அருகே குனிந்து, ஒவ்வொரு அணியும் தருவதாகச் சொன்னதை மெதுவாக எடுத்துச் சொன்னார். கை துறைமுக அணியைத் தேர்ந்தெடுத்தது. பன்னிரண்டு வருட ஒப்பந்தம்.

காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்த என் மனைவி பழனாத்தாள் சகாயராஜைக் கேட்டாள்.

"ஏனுங்க, பையன் சோத்துக்கு என்ன பண்ணுவானுங்க?"

"கைக்கு எல்லாம் குடுத்துருவாங்கம்மா. எண்ணெய், ஏசி ரூம், டாக்டர்."

"நான் கையக் கேக்கலீங்க."

"தம்பியும் கூட இருந்துக்கலாம்மா. அதுக்கு அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஒப்பந்தத் தொகை நீளமாக இருந்ததால் தனி வேனில் வந்தது. இறக்கி வைத்தபோது முதல் எண் எங்கள் வாசலிலும் கடைசிச் சுழியம் பிள்ளையார் கோவில் பக்கத்திலும் இருந்தன. வீட்டுக்குள் அது நுழையவில்லை. பாங்கி மேனேஜர் வந்து அளந்து பார்த்துவிட்டு, அங்கேயும் நுழையாது என்று சொல்லிப் போனார். அதனால் தெருவிலேயே நின்றது. மத்தியானங்களில் ஆடுகள் சுழியங்களின் நிழலில் படுத்தன. பழனாத்தாள் குடத்தோடு ஒரு சுழியத்துக்குள் புகுந்துதான் குழாயடிக்குப் போவாள். சொந்தக்காரர்கள் வந்து தொகையைத் தடவிப் பார்த்து, இனி உங்களுக்கென்ன என்றார்கள். நான் வழக்கம்போல அதை ஒட்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

எறிவதைத் தவிர வேறெதையும் கை செய்யக் கூடாது என்பது முதல் ஷரத்து. பொங்கலுக்கு வரும்போது திருமூர்த்தி கையை வெல்வெட் உறையில் போட்டுக்கொண்டு வருவான். பழனாத்தாள் சோற்றைப் பிசைந்து உருட்டி அவன் வாயில் ஊட்டுவாள். மீசை வைத்த பிள்ளை வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொள்வான். துறைமுகத்தில் கை ஏசி அறையில் கட்டிலில் தூங்குகிறது என்றும், ஜன்னலுக்கு வெளியே நின்றபடி தூங்கத் தான் பழகிவிட்டதாகவும் சொன்னான். பந்து எப்படிப் போகிறது என்று நான் கேட்டேன். இன்னும் எறியவில்லையாம். இவ்வளவு கொடுத்து வாங்கிய கையை எறியவிட்டுத் தேய்க்க அணிக்கு மனம் வரவில்லை.

நான்காவது வருடம் பழனாத்தாளுக்கு வயிற்றில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் பணம் கேட்டார்கள். தெருவில் இருக்கிறது என்றேன். உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள். அவர்கள் வாசலும் போதவில்லை. அவளை வீட்டுக்கே அழைத்து வந்தேன்.

அந்த முறை மகன் வந்தபோது, படுத்தபடியே அவனுக்கு ஊட்டிக்கொண்டு சொன்னாள்.

"வாய்க்கரிசிய மட்டும் பீச்சாங்கையில போட்டுறாத சாமி. போட்டா வாயத் தொறக்க மாட்டேன்."

"சரிம்மா."

"அது நான் சோறூட்டி வளத்த கையி. அவிங்களுக்குத் தெரியாது. நீயாவது சொல்லு."

அவள் இறந்த அன்று துறைமுக அணியின் கார் வந்தது. முன் இருக்கையில் கை வந்தது. கூடவே திருமூர்த்தி. பின்னால் சகாயராஜ். வாசலில் பாடை தயாராக இருந்தது. தட்டில் அரிசியை நனைத்து வைத்திருந்தார்கள். திருமூர்த்தி உறையைக் கழற்றினான். சகாயராஜ் அவன் தோளைத் தொட்டு, போடுவதற்கு ஷரத்தில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். திருமூர்த்தி இடது கையில் அரிசியை அள்ளினான். பழனாத்தாள் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் முன்பே சொல்லியிருந்தாளே. பங்காளிகள் வெயில் ஏறுகிறது என்றார்கள்.

நான் சகாயராஜிடம் கேட்டேன்.

"எறியலாங்களா?"

"எறியறதுக்குத்தானுங்க ஐயா கை."

எறிவதென்றால் முறைப்படி எறிய வேண்டும். பழனாத்தாளைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தோம். துக்கத்துக்கு வந்திருந்த மில் அணியின் நடுவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிக்குப் பின்னால் குனிந்து நின்றார். ஆட்ட விதிப்படி, தொகையை ஒட்டி அறுபது அடி ஆறு அங்குலம் அளந்து கோடு கிழித்தார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் ஓரமாக நகர்ந்துகொண்டார்கள். திருமூர்த்தி இடது கையால் அரிசியைப் பிடித்து உருண்டையாக்கி வலது கைக்குக் கொடுத்தான். கை அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தது. பிறகு எறிந்தது.

பழனாத்தாள் வாயைத் திறந்தாள். ஒரு பருக்கை கீழே விழவில்லை. தலை அசையவில்லை. நல்ல எறி என்று நடுவர் கையை உயர்த்தினார். நிறுத்தியிருந்த பறை மறுபடி தொடங்கியது.

தூக்கலாம் என்று நான் சொல்லும்போது சகாயராஜ் ஒரு சுழியத்துக்குள் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து என்னிடம் வந்தார்.

"இப்படிப் பிடிக்கிறவங்களப் பாத்ததே இல்லீங்க ஐயா. கண்ணக்கூடச் சிமிட்டல."

"அவ செத்துட்டாளுங்க."

"தெரியுங்க. அதனால வயசு ஒரு பிரச்சனை இல்ல."

புது ஆட்டக்காரர்களுக்குத் தொகை கிடையாது, முதலில் பார்த்த அணியிடம் ஆறு வருடம் இருக்க வேண்டும் என்று விளக்கினார். அதற்குப் பிறகு விடுதலை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எறிகிற கை ஒன்றைக் காட்டினால் நானும் கேட்கலாம் என்றார்.

பழனாத்தாளை முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள். கை முதல் தடவையாகப் பின் இருக்கைக்குப் போனது. கண்ணாடி வழியாகத் திருமூர்த்தி இடது கையை ஆட்டினான். வந்தவர்கள் குளித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பாடையின் பச்சை மூங்கிலை நான் அவிழ்த்து மாட்டுக் கொட்டகையில் சார்த்தி வைத்தேன். சுடுகாட்டில் வெட்டி அடுக்கியிருந்த விறகை யாரோ கல்யாணத்துக்கு எடுத்துப் போனார்கள்.

இந்த மாதத்தோடு அவளுக்கு ஆறு வருடம் முடிகிறது. மூன்று அணிகள் கேட்கப்போவதாகச் சொல்கிறார்கள். நான் தினமும் காலையில் சோறு வடித்து, உருண்டை பிடித்து, அந்தக் கோட்டில் நின்று எறிகிறேன். என் தோள் நன்றாக இல்லை. உருண்டை நாற்காலி வரைக்கும் போவதே சில நாள்தான். பிடிக்க ஆள் இல்லாததால் காக்கைகள் பிடிக்கின்றன. அவற்றில் அலகு கோணிய ஒன்று, நான் எவ்வளவு கோணலாக எறிந்தாலும் நாற்காலி முதுகில் இருந்து எழும்பி வாங்கிக்கொள்ளும். ஒரு பருக்கை சிந்தாது.

நேற்று சகாயராஜ் வந்தார். பழனாத்தாள் விஷயமாகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் பார்க்கட்டும் என்று இன்னொரு உருண்டை எறிந்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. காக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"எத்தன வருஷமா வருதுங்க ஐயா, இது?"

"அவ போன மறுநாள்லேருந்து வருதுங்க. இதுக்கும் ஆறு வருஷமாச்சு."

அவர் எழுந்து போய்க் காக்கையின் அருகே குனிந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார். தெருமுனையில், அன்று தொகை வந்த வேன் பின்கதவு திறந்தபடி நின்றது.